ஞாயிறு முகூர்த்தம், வெள்ளிக் கறி, நூறு பேருக்குக் கஞ்சி: வேதியரிடம் சில கேள்விகள்

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் நெருங்குகிறது. காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர் பக்கத்து அன்பியங்களில் (கத்தோலிக்கப் பங்கில் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழுக்கள்) கேள்விகளைச் சீட்டில் எழுதி வாங்கினோம். அன்பியப் பொறுப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் மூத்த வேதியர் (மறைக்கல்வி ஆசிரியர்) ஒருவர் பதில் சொல்லியிருக்கிறார். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) அன்பர் ஒருவரின் கேள்வியும் இதில் உண்டு. பெயர்களை விட்டுவிட்டு ஊரும் தொழிலும் மட்டும் போட்டிருக்கிறோம்.

கல்யாணச் சமையல் உதவியாளர், கானாடுகாத்தான்: ஐயா, முகூர்த்தம் பாதி ஞாயித்துக்கிழமையிலதான் வருது. சனி சாயங்காலமே காய் நறுக்க உக்காந்துடுவோம். ராத்திரி ரெண்டு மணிக்கு அடுப்பு மூட்டினா, மறுநாள் மத்தியானப் பந்தி முடியிற வரைக்கும் நகர முடியாது. வைகாசி, ஆவணி ரெண்டு மாசமும் பூசையே பாக்கல. இது பாவக் கணக்குல சேருமா?

தம்பி, முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். ஞாயிறு பூசைக் கடமையை அன்றைக்கே நிறைவேற்றலாம், முந்தின நாள் மாலைப் பூசையிலும் நிறைவேற்றலாம் என்கிறது திருச்சபைச் சட்டம் 1248. ஞாயிறு மாலைப் பூசையும் ஞாயிறுதான். காலைப் பூசைக்குத்தான் மதிப்பு என்பது நாமாக வைத்துக்கொண்டது. எதுவுமே முடியாதபோது, பங்குத்தந்தை தக்க காரணத்துக்கு விலக்கு தரலாம், வேறொரு பக்திச் செயலாக மாற்றியும் தரலாம். இது சட்டம் 1245. குடும்பத்தைக் காப்பாற்றும் பிழைப்பு தக்க காரணம்தான். ஆனால் அதை அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். நமக்கு நாமே விலக்கு எழுதிக்கொள்ளக் கூடாது.

மாதம் பிறந்ததும் மாஸ்டரிடம் ஆர்டர் தேதிகளை வாங்கி வீட்டுக் காலண்டரில் குறித்துவிடுங்கள். சனி இரவு விருந்தோடு வேலை முடிகிறதா, ஞாயிறு காலைப் பூசை. மத்தியானப் பந்தியா, மூன்று மணிக்குப் பாத்திரம் கழுவி ஏற்றிவிட்டு எந்தப் பங்கில் மாலைப் பூசை இருக்கிறதோ அங்கே. இரண்டுக்கும் வழியில்லாத ஞாயிறுகளை மட்டும் பங்குச் சாமியாரிடம் மொத்தமாகக் காட்டிக் கேளுங்கள். அந்த நாள்களில் வாசகம் மூன்றையும் பதிலுரைப் பாடலையும் வேலைக்குக் கிளம்பும் முன் வாசித்துவிடுங்கள். பத்து நிமிடம் ஆகும்.

இந்தத் தொழிலில் ஆள்கள் கோவிலை விட்டு விலகுவது வைகாசியில் இல்லை, ஆடியில். முகூர்த்தம் கிடையாது, கை சும்மா இருக்கிறது, அப்போதும் கால் கோவில் பக்கம் திரும்பாது. இரண்டு மாதத்தில் உடம்பு ஞாயிறு காலைத் தூக்கத்துக்குப் பழகிவிடும். ஆடி முதல் ஞாயிறு, மார்கழி முதல் ஞாயிறு என்று தேதியைக் குறித்து, அன்றைக்கு உங்களைக் கூட்டிப் போக ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.

அதே குழுவில் இன்னொருவர்: வெள்ளிக்கிழமை கறிக்கு உப்புப் பாத்தா, கறி தொடாத சுத்தபோசனம் போச்சா?

நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினால் அது சாப்பாடு ஆகாது.

இல்லத்தரசி, பள்ளத்தூர்: தவக்கால ஒருசந்தி, சுத்தபோசனம் யாருக்கெல்லாம் கட்டாயம்? சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் மாமியார் பிடிவாதமாகப் பட்டினி கிடக்கிறார்.

சுத்தபோசனம் 14 வயது முடிந்த எல்லாருக்கும். ஒருசந்தி 18 வயது முடிந்ததிலிருந்து 59 முடியும் வரை. ஒருசந்தி கட்டாயமான நாள் ஆண்டுக்கு இரண்டே: சாம்பல் புதன், பெரிய வெள்ளி. அன்றைக்கு ஒருவேளை முழுச் சாப்பாடு. மற்ற இரண்டு வேளை சேர்ந்தாலும் அந்த ஒருவேளை அளவை எட்டாத சிறு உணவு. நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் கட்டாயம் இல்லை. மாமியாரிடம் மாத்திரையை வேளைக்குச் சாப்பிடுவதும் ஒரு கீழ்ப்படிதல்தான் என்று சாமியாரை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் எடுபடாது.

இன்னொன்று. மீனும் முட்டையும் விலக்கப்படவில்லை. அதற்காக வெள்ளிக்கிழமை நம் பக்கத்து வீடுகளில் நண்டு மசாலாவும் இறால் தொக்கும் மணக்கின்றன. கறி நாளைவிட அன்றைக்குத்தான் இலை கனமாக இருக்கிறது. சட்டம் உடையவில்லை, ஆனால் தவம் என்று எதுவும் நடக்கவும் இல்லை. சாம்பல் புதனுக்கு அடுத்த வெள்ளியிலிருந்து பெரிய வெள்ளி வரை மொத்தம் ஏழு வெள்ளி. வாரம் அரைக் கிலோ ஆட்டுக்கறி வாங்கும் வீடு என்றால் மூன்றரைக் கிலோக் காசு. அதை அந்தந்த வெள்ளியே ஒரு டப்பாவில் போடுங்கள். கடைசியில் கணக்குப் போட்டு மொத்தமாகக் கொடுக்கலாம் என்று விட்டவர்கள் கொடுத்ததில்லை.

ரைஸ் மில் ஊழியர், புதுவயல் (சி.எஸ்.ஐ.): ஆயுத பூஜை அன்று மில்லில் எல்லாரும் நிற்கும்போது நான் மட்டும் விலகினால் முதலாளியை அவமதித்ததாகிறது. நின்றால் விசுவாசத்துக்கு விரோதம். பொரி, சுண்டல் வாங்கிச் சாப்பிடலாமா?

பவுல் இதை 1 கொரிந்தியர் 8, 10 அதிகாரங்களில் மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறார். படையலின் பந்தியில் பங்குபெறுவது கூடாது. கடையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடலாம். ஒருவர் வீட்டுக்கு அழைத்துப் பரிமாறினால் சாப்பிடலாம். ஆனால் “இது படைத்தது” என்று ஒருவர் எடுத்துச் சொன்னால், சொன்னவருடைய மனச்சாட்சிக்காக விட்டுவிட வேண்டும்.

இதை மில்லில் வைத்துப் பாருங்கள். முந்தின நாள் மெஷினைத் துடைப்பது, பெல்ட்டுக்குத் தூசு தட்டுவது, தோரணம் கட்ட ஏணி பிடிப்பது எல்லாம் வேலை. முதல் ஆளாகச் செய்யுங்கள். போனஸும் வேட்டியும் கூலியைச் சேர்ந்தவை. தீபாராதனை நேரத்தில் மட்டும் நீங்கள் வெளியே இருக்க வேண்டும். அதை அன்றைக்குக் காலையில், நாலு பேர் முன்னால் சொன்னால்தான் அவமதிப்பு. ஒரு வாரம் முன்பே முதலாளியைத் தனியாகப் பார்த்து, “ஐயா, வேலை எல்லாம் நான் பார்த்துடுறேன். பூஜை நேரத்துல மட்டும் கேட்டுல நிக்கிறேன்” என்று சொல்லுங்கள். அந்த நேரம் வாசலில் ஓர் ஆள் வேண்டியிருக்கத்தான் செய்யும். படைத்த பொரியை “எனக்கு வேண்டாம்ணே” என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம். அங்கே நின்று வியாக்கியானம் செய்ய வேண்டாம். உங்கள் சபையில் புதிதாக வந்தவர் யாராவது அதே மில்லில் வேலை பார்த்தால் கூடுதல் கவனம் வேண்டும். 8ஆம் அதிகாரம் முழுக்க, உங்களைப் பார்த்துத் தடுமாறக்கூடிய அந்தப் பலவீனமான சகோதரனைப் பற்றித்தான்.

கல்லூரி மாணவி, காரைக்குடி: செபிக்க உட்கார்ந்தால் ஒன்றுமே தோன்றவில்லை. மூன்று மாதமாக இப்படித்தான். மனமில்லாமல் செபிப்பது பொய் இல்லையா? கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு, ஆசை வந்ததும் தொடரலாமா?

நிறுத்தாதே அம்மா. வறட்சிக் காலத்தில் பழைய தீர்மானத்தை மாற்றாதே என்பதுதான் இதில் இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் கொடுத்த முக்கிய விதி. தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை, தெளிவில்லாத நேரத்தில் கலைக்கக் கூடாது. நீ பத்து நிமிடம் என்று வைத்திருந்தால் பதினொன்றாக்கச் சொல்கிறார் அவர், குறைக்கச் சொல்லவில்லை. எழுந்து ஓடத் தோன்றும் நேரத்தில் ஒரு நிமிடம் கூடுதலாக உட்கார்ந்தால், அந்தத் தோன்றலுக்கு உன்மேல் பிடி குறையும்.

வறட்சிக்கு மூன்று காரணம் சொல்கிறார். நம் அசட்டை ஒன்று. ஆறுதல் எதுவும் கிடைக்காதபோது எவ்வளவு தூரம் நடப்போம் என்ற சோதனை இன்னொன்று. ஆறுதல் நம் சம்பாத்தியம் இல்லை, கொடை என்று புரியவைப்பது மூன்றாவது. இதில் நம் கையில் இருப்பது முதல் காரணம் மட்டும். ஆகவே அதை மட்டும் சோதித்துப் பார்: தூங்குவது எத்தனை மணிக்கு? செபிக்கும்போது போன் எங்கே இருக்கிறது? யாரோடாவது பேச்சு முறிந்து கிடக்கிறதா? பாவசங்கீர்த்தனம் செய்து எவ்வளவு நாள் ஆயிற்று? பெரும்பாலும் போன்தான். அதை வேறு அறையில் சார்ஜில் போட்டுவிட்டு வா.

இந்த நேரத்தில் சொந்த வார்த்தையைத் தேடாதே. திருப்பாடல் 13ஐயோ 42ஐயோ எடுத்து வாய்விட்டு வாசி. “எதுவரைக்கும் ஆண்டவரே” என்று கேட்டவன் மனமெல்லாம் நிறைந்திருந்து கேட்கவில்லை. இரவில் ஐந்து நிமிடம் ஆன்ம சோதனை: நன்றி சொல், ஒளி கேள், காலையிலிருந்து நடந்ததை மணிவாரியாகத் திருப்பிப் பார், தவறியதற்கு மன்னிப்புக் கேள், நாளைக்கு ஒரே ஒரு காரியம் தீர்மானி. “நாளைக்கு நல்லவளாக இருப்பேன்” என்பது தீர்மானம் ஆகாது. “ஹாஸ்டல் மெஸ்ஸில் அவளிடம் நானே முதலில் பேசுவேன்” என்பது தீர்மானம்.

தூக்கம், பசி, படிப்பு எல்லாமே சேர்ந்து போயிருந்தால் அது செப வறட்சி மட்டும் இல்லை. டாக்டரைப் பார். செபத்தையும் விடாதே.

கணவர் சிங்கப்பூரில், இரண்டு பிள்ளைகள், கோட்டையூர்: இரவு எட்டு மணிக்கு வீடியோவில் 53 மணி செபமாலை சொல்கிறோம், அவர் பாதியில் தூங்கிவிடுகிறார். குடும்பச் செபம் எப்படி?

சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். நம் எட்டு மணி அங்கே பத்தரை. அதனால்தான் அவர் பாதியில் தூங்குகிறார். ஏழு மணிக்கு மாற்றுங்கள். வீடியோவில் 53 மணியும் வேண்டாம், ஒரு பத்து மணி போதும். வாசகத்தை அவர் வாசிக்கட்டும், மன்றாட்டைப் பிள்ளைகள் சொல்லட்டும். வீட்டுச் செலவுக் கணக்கைச் செபம் முடிந்த கையோடு பேசாதீர்கள். பிள்ளைகளுக்குச் செபம் என்றாலே சண்டையின் முன்னுரை என்று பதிந்துவிடும்.

இளைஞர் குழு, தேவகோட்டை: வீடு சந்திக்கப் போகலாம் என்று இருக்கிறோம். போன முறை பத்துப் பேராகப் போய், போட்டோ எடுத்து, ஒரு மாதத்தில் நின்றுவிட்டது.

பத்துப் பேர் போனதால்தான் நின்றது. பத்துப் பேருக்கு ஒரே நாள் ஒத்துவராது, ஒத்துவந்தாலும் அது ஊர்வலம். ஆண்டவர் எழுபது பேருக்கு மேல் அனுப்பினார், இரண்டிரண்டு பேராக. 1833இல் பாரிசில் ஓசனாம் என்ற இருபது வயது மாணவர் தோழர்களோடு தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையும், 1921இல் டப்ளினில் தொடங்கிய மரியாயின் சேனையும் இன்றுவரை இரண்டு பேராகத்தான் அனுப்புகின்றன. ஒருவர் சோர்ந்தால் மற்றவர் கூப்பிடுவார். ஒருவர் அளந்தால் மற்றவர் சாட்சி. வீட்டில் பெண் தனியாக இருந்தாலும் பிரச்சினை வராது. ஜோடியில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும்.

ஒரு ஜோடிக்கு இரண்டே வீடு. வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம். வீட்டில் இருபது நிமிடம், ஆஸ்பத்திரிப் படுக்கை என்றால் பத்து. நர்ஸைக் கேட்காமல் எதையும் ஊட்டாதீர்கள்; வாழைப்பழம்கூடச் சிலருக்கு ஆகாது. உட்காரச் சொன்னால் உட்காருங்கள், தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். நாம் கொடுக்க வந்தவர்கள், வாங்க மாட்டோம் என்ற தோரணை வந்துவிட்டால் அந்த அப்பத்தாவுக்கு நாம் அதிகாரிகள் ஆகிவிடுவோம். “செபிக்கலாமா?” என்று கேட்டு, சரி என்றால் மட்டும் செபியுங்கள். பிற மதத்தவர் வீடு என்றால் அவர்களாகக் கேட்டால் ஒழிய வேண்டாம். போட்டோ கூடவே கூடாது.

வாக்குக் கொடுப்பதில்தான் பலர் விழுகிறார்கள். “பென்ஷன் வாங்கித் தர்றோம்” என்று சொல்லாதீர்கள். “மனு எழுதிக் கொண்டுவர்றோம், வர்ற செவ்வாய்” என்று சொல்லி, செவ்வாய் போங்கள். வாரக் கூட்டத்தில் ஒவ்வொரு ஜோடியும் இரண்டு நிமிடம் அறிக்கை சொல்ல வேண்டும்: போனோமா, என்ன தேவை, அடுத்து என்ன. அந்தக் கூட்டம் இல்லாமல் ஆறு வாரத்தைத் தாண்டிய குழு குறைவு. அங்கே கேட்டது அறையை விட்டு வெளியே போகக் கூடாது.

அன்பியப் பொறுப்பாளர், கல்லல்: வெள்ளி தோறும் சிலுவைப்பாதை முடிந்து நூறு பேருக்குக் கஞ்சி. அளவு சொல்லுங்கள். போன வருடம் அடிப்பிடித்தது, ஒரு நாள் துவையல் ஊசிப்போனது.

ஆளுக்கு 400 மில்லி என்றால் நாற்பது லிட்டர். நொய் 4 கிலோ, லேசாக வறுத்த பாசிப்பருப்பு 1 கிலோ, தண்ணீர் 40 லிட்டர். இறுகினால் ஊற்றத் தனியாக 5 லிட்டர் வெந்நீர். வெந்தயம் 50 கிராம், சீரகம் 50, உரித்த பூண்டு கால் கிலோ. உப்பு 300 கிராமில் தொடங்கி ருசி பார்த்துக் கூட்டுங்கள். 60 லிட்டர் அண்டா வேண்டும். முக்காலுக்கு மேல் நிரம்பினால் பொங்கும்.

அடிப்பிடிப்பது நொய்யைப் பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பேற்றுவதால். அடியில் படிந்து ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு, நொய்யைத் தூவிக்கொண்டே ஒருவர் துடுப்பால் அடியைத் தொட்டுக் கிண்ட வேண்டும், முதல் கால் மணி நேரம் கை எடுக்காமல். பிறகு தீயைக் குறைத்து முக்கால் மணி. பிடித்துவிட்டால் சுரண்டாதீர்கள்; மேலாக மொண்டு வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள்.

துவையல் ஊசியது தேங்காயால். பங்குனி வெயிலில் மத்தியானம் அரைத்த தேங்காய்த் துவையல் இரவு ஏழு மணிக்கு நிற்காது. பருப்புத் துவையலாக, தண்ணீர் குறைத்து, சிலுவைப்பாதை தொடங்கும்போது அரையுங்கள். ஆளுக்கு 20 கிராம், ஆக இரண்டு கிலோ. கஞ்சிக்குத் தேங்காய்ப்பால் வேண்டுமென்றால் இறக்கும் நேரத்தில் ஊற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் பரிமாறி முடித்துவிடுங்கள். மீந்ததை மறுநாளுக்கு வைக்காதீர்கள்.

வரிசை தொடங்குவதற்கு முன்பே படுக்கையில் இருப்பவர்களுக்குத் தூக்குவாளியில் ஊற்றி அனுப்பிவிடுங்கள். வர முடியாதவர் பங்கு எப்போதும் அண்டாவின் அடியில்தான் மிஞ்சும். எருசலேமில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்று புகார் வந்துதான் ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள் (திருத்தூதர் பணிகள் 6).

பள்ளி ஆசிரியை, தேவகோட்டை அருகே ஒரு கிராமம்: எங்கள் அன்பியக் கூட்டம் ஒரே தெரு வீடுகளில்தான் சுற்றுகிறது. மேற்குத் தெருவுக்கு வர மாட்டார்கள். வந்தாலும் காபி குடிக்க மாட்டார்கள். “பொறுத்துப் போங்க, காலம் மாறும்” என்கிறார்கள்.

பொறுக்கச் சொல்வது பாதிக்கப்பட்டவரிடம் மட்டும் போய்ச் சேருகிறது, கவனித்தீர்களா? இது பழக்கம் இல்லை, பாவம். அந்தியோக்கியாவில் பேதுரு பிற இனத்தாரோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து யூத ஆள்கள் வந்ததும் பயந்து எழுந்துகொண்டார். பவுல் எல்லார் முன்னிலையிலும் முகத்துக்கு நேரே கேட்டார் (கலாத்தியர் 2). காலம் மாறட்டும் என்று அவர் விடவில்லை.

“யார் வீட்டில் வைக்கலாம்?” என்று கூட்டத்தில் கேட்பதை நிறுத்துங்கள். அந்தக் கேள்விக்கு எப்போதும் அதே நாலு வீடுதான் பதில் சொல்லும். பங்குக் குடும்ப அட்டை எண் வரிசையில் ஆண்டு முழுவதற்கும் வீடுகளை எழுதி, பங்குத்தந்தை கையெழுத்தோடு கோவில் பலகையில் ஒட்டுங்கள். மேற்குத் தெருவின் முதல் கூட்டத்துக்கு அவரே வந்து சாப்பிடட்டும். வீட்டுக்காரர் போட்ட காபி, வீட்டு டம்ளரில். பேப்பர் கப் வாங்கி வைக்கலாம் என்று யாராவது “சுகாதாரம்” பேசுவார்கள். மற்ற வீடுகளில் எவர்சில்வர் டம்ளரில் குடித்தவர்களுக்கு இங்கே மட்டும் சுகாதாரம் ஞாபகம் வந்தால் அது என்னவென்று உங்களுக்கே தெரியும். வீடு சந்திக்கும் ஜோடிகளையும் இரு தெருவிலிருந்து கலந்து போடுங்கள். ஒரே வாளியைப் பிடித்து இருவரும் கஞ்சி ஊற்றும்போது நடப்பது, மறையுரையில் நடப்பதில்லை.

சிலர் வராமல் நிற்பார்கள். கூட்டத்தை ஒத்திவைக்காதீர்கள், அட்டவணையையும் மாற்றாதீர்கள். ஐந்து பேர் வந்தால் ஐந்து பேரோடு நடத்துங்கள்.

தண்டல் வசூல் பையன், காரைக்குடி. பாடகர் குழு உறுப்பினர்: வட்டித் தொழிலில் வேலை பார்த்துக்கொண்டு பலிபீடத்துக்குப் பக்கத்தில் நின்று பாடுவது உறுத்துகிறது. எனக்கு மாதச் சம்பளம்தான்.

கணக்கை முதலில் போடு தம்பி. 10,000 என்று எழுதி, 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுத்து, நாளுக்கு 100 வீதம் நூறு நாள் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள். அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால் ஆண்டுக் கணக்கில் வட்டி நூற்றுக்கு நூறைத் தாண்டுகிறது. தமிழ்நாட்டின் அதிக வட்டித் தடைச் சட்டம், 2003, தண்டல், கந்து வட்டி, மீட்டர் வட்டியையெல்லாம் பெயர் சொல்லித் தடுக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. சம்பள ஆள் என்பது சட்டத்துக்கும் மனச்சாட்சிக்கும் முழு விடை ஆகாது.

திருமுழுக்கு யோவான் வரி வசூலித்தவர்களிடம் வேலையை விடச் சொல்லவில்லை, விதித்ததற்கு மேல் வாங்காதே என்றார். உன் இடத்தில் விதித்ததே மேல். ஆகவே வெளியேற வேண்டியதுதான். ஆனால் நாளைக்கே விட்டுவிட்டு நீயே கடன் வாங்கும் நிலைக்குப் போகாதே. ஆறு மாதம் கெடு வை. அதுவரை வெற்றுச் செக்கில் கையெழுத்து வாங்காதே, வாசலில் நின்று சத்தம் போடாதே, இறந்த வீட்டில் வசூலுக்குப் போகாதே. டூவீலரும் ஊர்ப் பழக்கமும் இருப்பவனுக்கு டெலிவரி, ஏஜென்சி வேலை கிடைக்கும். பாட்டை விடாதே. உறுத்தல் இருப்பது நீ இன்னும் பலிபீடத்துக்குப் பக்கத்தில் நிற்பதால்தான்.

ஓய்வுபெற்றவர், புதுவயல்: பைபிளை ஆரம்பித்தால் லேவியர் ஆகமத்தோடு நின்றுவிடுகிறது.

புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரம். திங்கள் முதல் வெள்ளி வரை தினம் ஒன்று, 52 வாரத்தில் முடிந்துவிடும். சனி, ஞாயிறு விட்டதைப் பிடிக்க. மாற்குவில் தொடங்குங்கள், பதினாறே அதிகாரம். லேவியரை எபிரேயர் திருமுகம் வாசித்த பிறகு எடுங்கள். எதற்கு இவ்வளவு பலி என்பது அப்போது பிடிபடும்.

அன்பியத் தலைவி, காரைக்குடி: சாவு வீடு, கஞ்சி, கணக்கு எல்லாம் நானே பார்க்கிறேன். விட்டால் நின்றுவிடும் என்று பயம். விட்டுவிடலாமா என்றும் இருக்கிறது.

மோசேயிடம் அவர் மாமனார் சொன்னது இதுதான்: நீயும் களைத்துப்போவாய், மக்களும் களைத்துப்போவார்கள் (விடுதலைப் பயணம் 18). உங்களைச் சுற்றி நிற்பவர்களும் களைத்துத்தான் இருக்கிறார்கள், காத்திருந்து.

முதலில் கணக்கைக் கைமாற்றுங்கள். அதுதான் ஆபத்தானது, அதுதான் எளிதும். உண்டியலை இரண்டு பேர் சேர்ந்து எண்ண வேண்டும், அங்கேயே நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். உதவி பெற்றவர் பெயரை வாசிக்காதீர்கள். “மருந்துக்கு 600” என்றால் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவு எல்லார் முன்னும்.

அடுத்து சாவு வீடு. மணி அடிக்கச் சொல்வது, கல்லறைக் குழி, பெட்டி, சாமியாருக்குத் தகவல், வெளியூர் ஆள்களுக்குச் சாப்பாடு என்று ஐந்து வேலை, ஐந்து பெயர், ஐந்து போன் எண். ஓர் அட்டையில் எழுதி எல்லா வீட்டுக்கும் கொடுத்துவிடுங்கள். அடுத்த சாவுக்கு நீங்கள் அழைப்பை எடுக்காமல், மாலை வாங்கிக்கொண்டு எல்லாரையும் போலப் போங்கள். குழி தோண்டத் தாமதமாகும், யாராவது திட்டுவார்கள். மூன்றாவது சாவுக்குள் சரியாகிவிடும்.